கடைசி ஓர் அடி: ஐசனோவரின் குடலில் குரோன் நோய்

குடல் சுவர் நாள்பட்டு வீங்கிப் புண்ணாகிற குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் எல்லா மருத்துவக் கையேடுகளும் தொடங்குகின்றன. தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். இந்த நோய்க்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடலில் சேர்கிற முனை, அதிலும் சிறுகுடலின் கடைசி ஓர் அடி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டெர்மினல் இலியம்" என்று எழுதியிருப்பார்களே, அதுதான்; இலியம் என்பது சிறுகுடலின் பின்பகுதி. மற்ற இடங்களுக்கு இந்த நோய் போய்வரும். குடியிருப்பது பெரும்பாலும் இங்கே.

அந்த ஓர் அடியை விளங்கிக்கொள்ள ஊரறிந்த ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் 34-ஆவது குடியரசுத் தலைவர் டுவைட் ஐசனோவர். 1956-இல் அவருக்குச் செய்த குடல் அறுவையைப் பற்றி, கத்தி பிடித்த மருத்துவர்களே 1964-இல் 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' இதழில் எழுதினார்கள். பெயரை மறைத்து "65 வயது ஆண்" என்று எழுத வேண்டிய அவசியமே இல்லாத அபூர்வமான நோயாளிக் குறிப்பு அது.

முன்கதை

பிறந்தது 1890 அக்டோபர். தொழில் முதலில் ராணுவம், அப்புறம் அரசியல். பல ஆண்டுகளாக நாளுக்கு நான்கு பாக்கெட் சிகரெட். வயிறும் பல ஆண்டுகளாகவே தகராறு.

1923-இல் அவருக்குக் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். அப்போது வயது 32. எடுத்த பிறகாவது வலி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விட்டுவிட்டு வந்தது, ஒவ்வொரு முறையும் அஜீரணம், குடல் கோளாறு, வேலை அழுத்தம் என்று ஏதோ ஒரு பெயர் கிடைத்தது. இந்த 1923 அறுவையும் பின்னால் தெரிந்த நோயும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்களா என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில் கை வைத்துப் பாருங்கள். குடல்வால் அங்கேதான் தொங்குகிறது. இலியத்தின் கடைசிப் பகுதியும் அங்கேதான் பெருங்குடலுக்குள் நுழைகிறது. இரண்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர் தூரம். எது வீங்கினாலும் வலிக்கிற இடம் ஒன்றே. குரோன் நோயாளிகளில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் முதன்முதலாகக் குடல்வால் அழற்சி என்ற பெயரில்தான் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறார்கள்.

1923-இன் மருத்துவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்த நோய்க்கு அப்போது பெயரே கிடையாது. பெயர் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

1949 மார்ச்சில் கடுமையான வயிற்று நோவு வந்து படுத்துவிட்டார். இரைப்பை, குடல் அழற்சி என்றார்கள். புளோரிடாவின் கீ வெஸ்டில் ஓய்வு. அந்தச் சமயத்தில்தான் சிகரெட்டை ஒரே அடியாக விட்டார். அது உண்மையில் வயிறா, வெளியே சொல்லாத மாரடைப்பா என்று வரலாற்றாசிரியர்கள் பின்னால் வாதாடியிருக்கிறார்கள். என் கவனம் சிகரெட்டின் மேல். புகைபிடிப்பது குரோன் நோயைத் தூண்டும், வந்திருந்தால் மோசமாக்கும், அறுவைக்குப் பிறகு திரும்ப வரவும் வைக்கும் என்பது இன்று நன்றாக நிலைபெற்ற செய்தி. விட்டது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் அந்தக் குடலுக்கு நல்லது நடந்தது.

அடுத்தது 1955 செப்டம்பர். டென்வரில் கோல்ஃப் விளையாடப் போனவர், மதியம் ஹாம்பர்கரும் பச்சை வெங்காயமும் சாப்பிட்டார். அன்றைக்கு நள்ளிரவு தாண்டி நெஞ்சில் வலி. சொந்த மருத்துவர் ஹோவர்டு ஸ்னைடர் வந்து பார்த்தார். காலையில் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லப்பட்டது: வயிற்றுக் கோளாறு. பகலில் இசிஜி எடுத்த பிறகுதான் மாரடைப்பு என்று வெளியானது. வயிற்றுக்காரர் என்று பேர் வாங்கிவிட்டவருக்கு எது வந்தாலும் பழி வயிற்றின் மேல்தான் விழும்.

பேரியம் படத்தில் ஒரு கயிறு

மாரடைப்பு வந்து எட்டு மாதம் கழித்து, 1956 மே மாதம், வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் முழுப் பரிசோதனை. தேர்தல் ஆண்டு வேறு. மறுபடியும் போட்டியிடுவதாக பிப்ரவரி கடைசியிலேயே அறிவித்திருந்தார். அந்தப் பரிசோதனையில் பேரியம் படமும் எடுத்தார்கள்.

பேரியம் படம் இப்போது வழக்கொழிந்து வருகிறது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற, வாயில் மாவாக ஒட்டுகிற ஒரு வெள்ளைக் கரைசலை நோயாளி குடிக்க வேண்டும். அது இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் மடிப்புகளில் நெளிந்து, மணிக்கணக்கில் ஊர்ந்து பெருங்குடலுக்குப் போகும். அரைமணிக்கொரு தரம் எக்ஸ்ரே. குடலின் உட்சுவர் வெள்ளையாக அச்சு எடுத்தது போல் விழும். நல்ல குடல் என்றால் படத்தில் அகலமான, ஓரங்களில் பிசிறுள்ள நாடா போலத் தெரியும். குரோன் முற்றிய இலியத்தில் அந்த நாடா திடீரென்று மெலிந்து ஒரு நூல் மாதிரி ஓடும். 1934-லேயே இதற்குக் "கயிறு அடையாளம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1956-இல் அந்த இடத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வாய் வழியாக விடும் கருவி இரைப்பையோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாக விடும் விறைத்த குழாய் சுமார் 25 சென்டிமீட்டர்தான் போகும். வளைந்து நெளிந்து பெருங்குடல் முழுக்கப் போய் இலியத்துக்குள் எட்டிப் பார்க்கிற கொலோனோஸ்கோப் வர இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஆறு மீட்டர் நீளச் சிறுகுடலும் அன்றைய மருத்துவருக்குக் கதவு சாத்திய வீடு. நோய் வந்து குடியேறியதும் அந்த வீட்டின் கடைசி அறையில்.

ஐசனோவரின் படத்தில் இலியத்தின் கடைசிப் பகுதி கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. முப்பது ஆண்டுக்கும் மேலான வயிற்று வலிக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. அப்போது தொந்தரவு எதுவும் இல்லாததால் உடனே எதுவும் செய்யவில்லை. நாட்டுக்கு இந்த விஷயம் தெரியவந்தது ஜூன் மாதத்தில்.

ஜூன் 8

ஜூன் 7 இரவு வாஷிங்டனில் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்க விருந்து. போய்விட்டு வந்து படுத்தவருக்கு நள்ளிரவு தாண்டியதும் வயிற்றில் வலி. மனைவி மேமி, மருத்துவர் ஸ்னைடரை அழைத்தார். காலையில் செய்திச் செயலாளர் ஜேம்ஸ் ஹேகர்டி சொன்னது, வயிற்றுக் கோளாறு. ஒன்பது மாதத்துக்கு முன் இதே சொல்லைக் கேட்டு ஏமாந்திருந்த பத்திரிகையாளர்கள் இம்முறை இதயத்தைப் பற்றித்தான் துருவினார்கள். இந்தத் தடவை உண்மையிலேயே வயிறு.

வலி குறையவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது, வாந்தியும் சேர்ந்தது. பிற்பகலில் ஆம்புலன்ஸில் வால்டர் ரீட் போய்ச் சேர்ந்தார். எக்ஸ்ரேயில் சிறுகுடல் சுருள்கள் காற்றும் நீருமாக விரிந்து கிடந்தன. குடல் அடைப்பு. எங்கே அடைத்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, மே மாதப் படம் கையில் இருந்தது.

இலியத்தில் குழாய் அடைபடுவதன் தன்மையைச் சொன்னால்தான் இந்த இரவு புரியும். சிறுகுடலுக்குள் போவது எல்லாம் கூழ், நீர். குழாய் பாதியாகச் சுருங்கினாலும் கூழ் போய்விடும். முக்கால் பங்கு சுருங்கினாலும் சிணுங்கிக்கொண்டே போய்விடும். ஆள் ஊரெல்லாம் சுற்றுவார், வேலை பார்ப்பார், சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வயிறு முறுக்கும், "வாயு" என்று விட்டுவிடுவார். அப்புறம் ஒருநாள் கொஞ்சம் நார்ப்பொருள் போய் அந்தச் சந்தில் சிக்கும், அல்லது புண் கொஞ்சம் வீங்கும். அன்றைக்கு மொத்தமாக அடைத்துக்கொள்ளும். நோய் வருடக்கணக்கில் வளர்ந்தாலும் அடைப்பு வருவது ஒரே இரவில்தான்.

அறுத்தாக வேண்டும். ஆனால் மேசையில் படுக்கப் போகிறவர் ஒன்பது மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர். வால்டர் ரீட் மருத்துவமனையின் தலைவர் லெனர்டு ஹீட்டன். பென்சில்வேனியாவிலிருந்து ஐசிடோர் ராவ்டின். வாஷிங்டனிலிருந்து பிரையன் பிளேட்ஸ். இன்னும் இதய மருத்துவர்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையை உறிஞ்சிக்கொண்டே, தானாகத் திறக்கிறதா என்று பார்த்துப் பேசிப் பேசி இரவாகிவிட்டது. மணிக்கணக்கில் காத்ததைப் பிற்பாடு சிலர் குறை சொன்னார்கள். மாரடைப்பு கண்ட இதயத்தை மயக்க மருந்துக்கு உட்படுத்துவதா, அடைத்த குடல் அழுகும் அபாயத்தைத் தாங்குவதா என்று எடைபோட அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஜூன் 9 அதிகாலை மூன்று மணிவாக்கில் ஹீட்டன் கத்தி வைத்தார். முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

வயிற்றைத் திறந்தபோது

இலியத்தின் கடைசி 30 முதல் 40 சென்டிமீட்டர் கெட்டிருந்தது. நாள்பட்டுத் தழும்பேறி, காய்ந்துபோன நிலையிலிருந்த குரோன் நோய். அதற்கு மேலே இருந்த குடல் அடைப்பால் விரிந்து கிடந்தது.

அறுவை மருத்துவர் கைக்கு இந்த நோய் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். நல்ல சிறுகுடல் ஈரப் பட்டுத்துணி போல. விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் இரண்டு சுவரும் ஒன்றையொன்று தொடும். குரோன் பிடித்த இடத்தில் சுவர் மூன்று நான்கு மடங்கு தடித்து, தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி அழுத்தினால் மசியாது. குடலைத் தாங்குகிற சவ்வின் கொழுப்பு, இரு பக்கமும் விரல் விரலாக ஏறிவந்து குடலைப் போர்த்தியிருக்கும். வேறு நோய்களில் கொழுப்பு இப்படி ஏறுவது அரிது. அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். 1913-இல் கிளாஸ்கோவின் கென்னடி டால்சியேல் இப்படிப்பட்ட குடல்களை விவரித்தபோது, செத்து விறைத்த விலாங்கு மீனோடு ஒப்பிட்டார். மீன் வெட்டியிருக்கிற யாருக்கும் அந்த உவமை விளங்கும்.

சரி, கெட்டதை வெட்டி எடுத்தார்களா? இல்லை. அடைப்புக்கு மேலே இருந்த நல்ல இலியத்தைக் கொண்டுபோய்ப் பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் நேராக இணைத்தார்கள். கெட்ட ஓர் அடி வயிற்றுக்குள்ளேயே இருந்தது. உணவு அதைச் சுற்றிப் போக ஒரு மாற்றுப்பாதை. ஊருக்குள் பாலம் இடிந்து கிடக்க, லாரிகளைப் புறவழிச் சாலையில் திருப்பிவிடுவது போல. அன்றைய நியூயார்க் அறுவை மருத்துவர்களிடம் செல்வாக்கோடு இருந்த முறைதான் இது. வெட்டி எடுப்பதைவிடச் சீக்கிரம் முடியும், ரத்த இழப்பு குறைவு. அவ்வளவு பலவீனமான இதயத்தோடு படுத்திருந்தவருக்கு அதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் முறை என்ற அளவில் அது நிலைக்கவில்லை. விட்டுவைத்த துண்டில் நோய் புகைந்துகொண்டே இருக்கும், சீழ் வைக்கும், பல ஆண்டு கழித்துச் சிலருக்கு அங்கே புற்று வந்ததும் பதிவானது. இன்று இந்த இடத்துக்கு யாரும் திட்டமிட்டு இந்த அறுவையைச் செய்வதில்லை.

ஜூன் 30-இல் வீடு திரும்பினார். ஜூனில் பனாமாவில் நடக்க இருந்த அமெரிக்கக் கண்டத் தலைவர்களின் கூட்டம் ஜூலைக்குப் போனது. ஜூலையில் வாஷிங்டன் போக இருந்த நேருவின் பயணம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. நவம்பரில் ஐசனோவர் 41 மாநிலங்களை வென்று மறுபடியும் பதவியில் அமர்ந்தார். அந்த ஜூனில் அமெரிக்கச் செய்தித்தாள்கள் இலியம் எங்கே இருக்கிறது என்று படம் போட்டு விளக்கின. நியூயார்க்கில் எழுபதைத் தாண்டிய வயதில் இருந்த பரில் குரோன் என்ற மருத்துவரின் பெயர் வீட்டுக்கு வீடு போனதும் அப்போதுதான்.

பெயர் வந்த கதை

குரோனும், லியோன் கின்ஸ்பர்க்கும், கார்டன் ஆப்பன்ஹைமரும் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் 14 நோயாளிகளைத் தொகுத்து 1932-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர் போட்டதில் குரோன் முதலில் வந்தார். நோயாளிகளுக்கு அறுவை செய்த ஏ.ஏ. பெர்க் தன் பெயரைச் சேர்க்க ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் வரிசையில் அவர்தான் முதல். இன்று இதை பெர்க் நோய் என்றுதான் அழைத்துக்கொண்டிருப்போம்.

அந்த 14 பேருக்கும் நோய் இருந்தது இலியத்தின் கடைசிப் பகுதியில்தான். அதனால் முதலில் "டெர்மினல் இலியைட்டிஸ்", அதாவது கடைசி இலியத்தின் அழற்சி, என்றே பெயர் வைத்தார்கள். மருத்துவக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, டெர்மினல் என்றால் கேட்பவர் சாகப்போவதாக நினைப்பார்களே என்றார். நியாயமான பேச்சு. "ரீஜனல்", அதாவது ஏதோ ஒரு பகுதியைச் சார்ந்தது, என்று மாற்றினார்கள். இடத்தைச் சுட்டிய சொல் போய் மங்கலான சொல் வந்தது. நோயாளியின் மனசுக்கு நல்லது. பெயரைக் கேட்டதும் இடம் நினைவுக்கு வருகிற வசதி போயிற்று.

பெருங்குடலிலும் இதே நோய் வரும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள 1960 ஆனது. லண்டனின் லாக்ஹார்ட்-மம்மரியும் மார்சனும் எழுதிய பிறகுதான். அதுவரை பெருங்குடலில் கண்டதையெல்லாம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டுக்கும் நடை வேறு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும், உட்தோலோடு நிற்கும். குரோன் தாவித் தாவிப் போகும்; இங்கே ஒரு பத்து சென்டிமீட்டர் புண், பிறகு நல்ல குடல், மறுபடி புண். பல நேரம் மலக்குடலைத் தொடாமலே விட்டுவிடும். தொட்ட இடத்தில் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். அதனால்தான் குழாய் சுருங்குகிறது. அதனால்தான் சுவர் ஓட்டையாகிப் பக்கத்துக் குடலோடும், சிறுநீர்ப்பையோடும், தோலோடும் வழி உண்டாகிறது.

ஏன் அந்த இடம்?

முழு விடை இன்னும் இல்லை. சில நல்ல துப்புகள் உண்டு. சிறுகுடலின் சுவருக்குள் பேயர் திட்டுகள் என்ற எதிர்ப்புச் செல் கூட்டங்கள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக இருப்பது இலியத்தின் கடைசியில். குரோன் நோயின் ஆரம்பப் புண்கள், வாய்ப்புண் போன்ற குட்டிப் புள்ளிகள், பெரும்பாலும் இந்தத் திட்டுகளின் மேலேயே தோன்றுகின்றன. இரண்டாவது, கிருமிகள். சிறுகுடலின் மேல்பகுதியில் பாக்டீரியா சொற்பம். கீழே வர வர ஏறி, பெருங்குடல் வாசலில் பெருந்திரளாகிறது. வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. உணவு கொஞ்ச நேரம் அதன் முன் வரிசையில் நிற்கும். காவல்காரர்கள் மிக அதிகம், கூட்டமும் மிக அதிகம், நிற்கும் நேரமும் அதிகம். சண்டை மூள அதைவிடத் தோதான இடம் கிடையாது. 2001-இல் குரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவாக நாட்-2 கண்டுபிடிக்கப்பட்டபோது, பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை அடையாளம் காண்பது அதன் வேலை என்று தெரிந்தது. அதில் கோளாறு உள்ளவர்களுக்கு நோய் இலியத்தில் வருவதே அதிகம்.

எண்ணிக்கையைப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இலியத்தில் மட்டும். பத்துக்கு நாலைந்து பேருக்கு இலியமும் பெருங்குடலும் சேர்ந்து. ஐந்தில் ஒருவர் அளவில் பெருங்குடலில் மட்டும். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் வருவது சிறுபான்மை, அப்போதும் கீழே வேறு எங்காவது சேர்ந்தே இருக்கும். இதற்கெல்லாம் மேலாக, நாலைந்து பேரில் ஒருவருக்கு ஆசனவாயைச் சுற்றிச் சீழ், பவுத்திரம். பவுத்திரத்துக்கு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று அறுத்துக்கொண்டே போகிறவரிடம், "உங்களுக்கு அடிக்கடி வயிறு முறுக்குமா? எடை குறைந்ததா?" என்று யாராவது கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். கீழே தெரிவது மேலே இருப்பதன் வாசலாக இருக்கலாம்.

இடம் மாறினால் நோயின் முகமும் மாறும். பெருங்குடலில் என்றால் பேதி, ரத்தம். முன்சிறுகுடலில் என்றால் அல்சர் போன்ற வலி, சாப்பிட்டதும் வாந்தி. இலியத்தில் என்றால் வலது அடிவயிற்று வலி, முறுக்கல், இளைப்பு, கடைசியில் அடைப்பு. 2005-இல் வந்த மாண்ட்ரியல் வகைப்பாடு நோயைக் கண்டறிந்த வயது, நோயின் இடம், அதன் போக்கு என்று மூன்றாகக் குறிக்கச் சொல்கிறது. ஐசனோவருக்கு அதை எழுதினால் ஏ-3, எல்-1, பி-2 என்று வரும்: நாற்பதுக்கு மேல் கண்டறியப்பட்டது, இலியத்தில் மட்டும், சுருக்கம் உண்டாக்கியது. இதில் இடம் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மாறாது. போக்குதான் மாறும், அழற்சியிலிருந்து சுருக்கத்துக்கோ ஓட்டைக்கோ.

நம் பக்கத்துச் சிக்கல்

இந்தியாவில் இந்த ஓர் அடிக்கு இன்னொரு வாடகைதாரரும் உண்டு: காசநோய். குடல் காசம் மிக விரும்புகிற இடமும் இதே இலியமும், பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கமும் சேரும் மூலைதான். அதே வலி, அதே காய்ச்சல், அதே இளைப்பு, ஸ்கேனிலும் அதே தடிப்பு, நுண்ணோக்கியிலும் இரண்டிலும் கிரானுலோமா என்ற அழற்சிச் செல் முடிச்சு. 1932-இல் நியூயார்க்காரர்களும் காசம் இல்லை என்று உறுதி செய்த பிறகே புது நோய் என்றார்கள். இங்கே அது இன்னும் பெரிய தலைவலி. குரோனைக் காசம் என்று நினைத்தால் சில மாதங்கள் வீண். காசத்தைக் குரோன் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாபோ கொடுத்தால் காசம் உடம்பெங்கும் பரவலாம். ஆறு மாதம் காச மருந்து கொடுத்து, நடுவில் மறுபடி கொலோனோஸ்கோப்பி பார்த்து, புண் ஆறியதா என்று பார்த்தே பல பேருக்கு முடிவு செய்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல திருப்பமும் நடந்தது. 1977-இல் கட்டாரியா என்ற இந்திய அறுவை மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், காசத்தால் சுருங்கிய குடலை வெட்டி எறியாமல், சுருங்கிய இடத்தை நீளவாக்கில் கீறி அகலவாக்கில் தைத்து விரிக்கும் முறையை எழுதினார்கள். சட்டைக் கை இறுக்கமாக இருந்தால் தையற்காரர் பிரித்துத் தைப்பாரே, அந்தக் கணக்கு. சில ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் அதைக் குரோன் நோய்க்கு எடுத்துக்கொண்டார்கள். குடல் நீளம் குறையாமல் சுருக்கத்தை நீக்க இன்றும் அது கைகொடுக்கிறது.

இன்று வந்திருந்தால்

ஐசனோவரின் இலியம் இன்று வந்திருந்தால் கதை வேறு. முதல் வலியிலேயே கொலோனோஸ்கோப் வால்வைத் தாண்டி இலியத்துக்குள் போய்த் துணுக்கு எடுத்திருக்கும். எம்ஆர்ஐ சுவரின் தடிப்பைக் காட்டும். அழற்சி மட்டும் இருந்தால் மருந்து. இன்ஃப்ளிக்ஸிமாப் 1998 முதல் இருக்கிறது, அதன் பின் வேறு பல. தழும்பேறிக் குழாய் அடைத்த பின் மருந்துக்குப் பெரிய வேலை இல்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 143 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, இலியத்தில் 40 சென்டிமீட்டருக்கும் குறைவாக நோய் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, இன்ஃப்ளிக்ஸிமாபையும் லேப்ராஸ்கோப்பி வழியே அந்தத் துண்டை எடுப்பதையும் ஒப்பிட்டது. ஓராண்டில் வாழ்க்கைத் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 30, 40 சென்டிமீட்டர் என்பது ஐசனோவரின் அளவும்தான். ஆனால் அந்த ஆய்வில் சுருங்கி அடைத்தவர்களைச் சேர்க்கவில்லை.

வெட்டினாலும் விட்டாலும் அந்த ஓர் அடிக்கு ஒரு விலை உண்டு. பி-12 உயிர்ச்சத்தை உறிஞ்சுவது அந்தப் பகுதி மட்டுமே. இழந்தவர்கள் பலர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிவரும். பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்புவதும் அதுவே. அந்த வேலை நின்றால் சிலருக்குத் தண்ணீர்ப் பேதி. சிலருக்குப் பித்தநீரின் கலவை கெட்டுப் பித்தப்பையில் கல்.

பிற்பாடு

அறுவைக்குப் பின் ஐசனோவர் பதவிக்காலம் முழுக்க வேலை பார்த்தார். 1961-இல் ஓய்வுபெற்று கெட்டிஸ்பர்க் பண்ணைக்குப் போனார். 1966 டிசம்பரில் மறுபடியும் வால்டர் ரீட், மறுபடியும் வயிறு. இம்முறை பித்தப்பை. உள்ளே கற்கள்; பித்தப்பையை எடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் இலியத்தைச் சுற்றிப் போட்ட புறவழிச் சாலைக்கும் இந்தக் கற்களுக்கும் தொடர்பு இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. 76 வயதில் கல் யாருக்கும் வரும். ஆனால் இலியம் கெட்டவர்களுக்குக் கூடுதலாக வரும்.

1969 பிப்ரவரியில் குடல் மறுபடி அடைத்தது. பழைய அறுவையின் தழும்பு இழைகள் குடலைப் பிடித்து இழுத்திருந்தன. அறுத்து விடுவித்தார்கள். அதற்குள் அவருக்கு மாரடைப்பு பலமுறை வந்துவிட்டிருந்தது. அந்த அறுவையைத் தாங்கினார். ஐந்து வாரம் கழித்து, மார்ச் 28-ஆம் தேதி, அதே மருத்துவமனையில் இதயச் செயலிழப்பால் இறந்தார். வயது 78.